மழைத்தொட்டிக்குக் குடை பிடித்தவர்

பாறசாலைக்கும் நெய்யாற்றங்கரைக்கும் நடுவே, ரப்பர் தோட்டத்தை வெட்டி மனை போட்ட இடம் எங்கள் மாவிளைக்கோணம். நாற்பத்து மூன்று வீடுகள். எல்லா வீட்டிலும் மழைநீர்த் தொட்டி உண்டு என்கிறது பஞ்சாயத்துக் கோப்பு. நாற்பத்து மூன்றும் ஒரே தொட்டி என்பது கோப்புக்குத் தெரியாது. பிளம்பர் ராஜையாவுக்குத் தெரியும். எங்களுக்கும் தெரியும்.

தொட்டி இல்லாத புது வீட்டுக்குப் பஞ்சாயத்தில் கதவு நம்பர் கிடைக்காது. நம்பர் இல்லாவிட்டால் கரண்ட் கிடையாது. அதனால் ராஜையா தன் வீட்டைக் கட்டியபோது ஒரு கறுப்புத் தொட்டி வாங்கி, கூரையிலிருந்து குழாய் இறக்கி, வடிகட்ட மணலும் கரியும் நிரப்பி வைத்தார். பஞ்சாயத்து ஓவர்சியர் வந்து படம் எடுத்துப் போனார். மறுநாளே தொட்டியைக் கழற்றிவிட்டு அங்கே ஸ்கூட்டரை நிறுத்தினார் ராஜையா. அடுத்த வாரம் பக்கத்து மனை அகில் வந்து அதை இரவல் கேட்டான். ராஜையா யாருக்கும் மாட்டேன் என்று சொல்லிப் பழகாதவர். அன்று பெட்டி ஆட்டோவில் ஏறிய தொட்டி வீடு வீடாகச் சுற்றியது. என் வீட்டிலும் இரண்டு நாள் விருந்தாளியாக இருந்தது.

தொட்டி நேசையன் வீட்டுக்குப் போன முறை, ஓவர்சியர் நிற்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. ராஜையா குழாயைச் சும்மா சொருகித்தான் வைத்திருந்தார். மூட்டு ஒழுகத் தொடங்கியது. ராஜையா தன் குடையை விரித்துத் தொட்டிக்குப் பிடித்து, தான் நனைந்துகொண்டு நின்றார்.

“புது சாதனமாக்கும் சாரே. நனையப்படாது.”

ஓவர்சியர் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

போன டிசம்பரில் எங்களைப் பசுமைக் குடியிருப்பு என்று அறிவித்து விழா எடுத்தார்கள். ஒரு துளி மழையும் வீணாகாத ஊராம். அத்தனை தொட்டியும் வைத்தவர் என்று ராஜையாவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மனிதர் நிஜமாகவே கண் கலங்கினார். எனக்கு வெட்கமாக இருந்தது, ஆனாலும் கைதட்டினேன்.

மார்ச்சில் வீட்டுக் கிணறுகள் வற்றின. வருஷா வருஷம் வரும் தண்ணீர் லாரி இந்த வருஷம் வரவில்லை. ராஜையாவின் மனைவி புஷ்பபாய்க்கு அப்போதுதான் முழங்கால் ஆபரேஷன் முடிந்திருந்தது. அவளால் குடம் தூக்க முடியாது. ராஜையா பஞ்சாயத்து அலுவலகத்துக்கு ஓடினார். கிளார்க் ஸ்ரீகலா கோப்பைத் திறந்தாள்.

“அண்ணா, உங்களுக்க எடத்துல எல்லா வீட்டுலயும் தொட்டி உண்டல்லோ. பின்ன லாரி எதுக்கு? அத தொட்டி இல்லாத எடத்துக்கு மாத்தியாச்சு.”

“தொட்டியில ஒரு சொட்டு வெள்ளம் இல்ல மேடம்.”

“தொட்டி உண்டா இல்லியா, அத சொல்லுங்க. இல்லேன்னா நாப்பத்து மூணு நம்பரும் ரத்தாவும். மொத வீடு உங்களுக்கதாக்கும்.”

 “உண்டு” என்றார் ராஜையா.

வீட்டில் புஷ்பபாய் எல்லாவற்றையும் கேட்டாள். நொண்டிக்கொண்டே போய், அலமாரியிலிருந்து பொன்னாடையை எடுத்து முறுக்கி வளையமாகச் சுற்றினாள்.

“பொதுக்கெணறு வயலுக்கு அங்க கெடக்கு. நாலு கொடம் வெள்ளம் வேணும். தல நோவப்படாதுல்லா, இத சும்மாடா வச்சிட்டுப் போங்க.”

இப்போது தினமும் காலையில் ராஜையா தலையில் குடத்தோடு வயல் வரப்பில் வருகிறார். குடத்தடியில் ஜரிகை மினுங்குகிறது. பின்னாலேயே நாங்கள் நாற்பத்திரண்டு வீட்டுக்காரர்களும் குடம் சுமந்து வருகிறோம். எங்கள் தலையில் வெறும் பழந்துணி.