சேவியர் மாஸ்டரின் மூடி போட்ட வாளி

சேவியர் மாஸ்டர் இறந்த செய்தியைத் தொலைபேசியில் சொன்னவன் என் தம்பி. ஆறு வருடமாக என்னிடம் பேசாதவன். "மாஸ்டர் போயிட்டாருங்கண்ணா" என்றான். நான் உடனே போனை வைத்துவிட்டேன்.

உங்களில் பலருக்கு அவர் தெற்கிலிருந்து வந்து திருப்பூர்ச் சாயப்பட்டறையில் நிறம் கலக்கியவர். ஞாயிறு பூசை முடிந்ததும் மூடி போட்ட சாய வாளியோடு அவர் ஆற்றில் இறங்கியது சிலருக்கே தெரியும். சுண்டுவிரல் நீளமுள்ள கோட்டுக்கெண்டை என்ற மீன், சாயம் எட்டாத சில மடுக்களில் மட்டும் மிஞ்சியிருந்தது. அதைப் பிடித்துத் தோட்டத்துக் கிணறுகளில் விடுவார். "நாங்க விடுத தண்ணியிலதான சாவுது. நாங்கதான எடுக்கணும் சார்" என்பார்.

விலங்கியல் படித்த நான், அந்த மீனைப் பாதுகாக்கக் கோரி மனு எழுதினேன். "இந்த மீனு லிஸ்ட்லயே இல்லீங்களே சார். மொதல்ல லிஸ்ட்ல வரட்டுங்க" என்று அதிகாரி திருப்பித் தந்தார். அந்த முகத்தை நான் மறக்கவில்லை. கூட வந்திருந்த மாஸ்டர் அலுவலக வாசலில் சிரித்தார்: "லிஸ்ட்டு வாரப்போ மீனு இருக்கணும்லா?"

குன்னத்தூரில் எங்கள் கிணற்றிலும் விட்டார், பெருகியது. தோட்டத்தைப் பார்த்துக்கொண்டவன் தம்பி. வரப்புத் தகராறில் எங்களுக்குள் பேச்சு நின்றிருந்தது. அவன் மகளின் காதுகுத்துக்கு முன்தினம், விருந்தாளிகள் குடிக்கும் தண்ணீராயிற்றே என்று, பட்டறையில் வாங்கிய பிளீச்சிங் பவுடரைக் கிணற்றில் கொட்டினான். விடிந்தபோது மீன்கள் மிதந்தன. அவை எப்படிப்பட்ட மீன்கள் என்று நான் அவனிடம் சொன்னதே இல்லை.

"ஒங்க சண்ட மீனுக்குத் தெரியுமா சார்?" என்று மட்டும் கேட்டார் மாஸ்டர். பிறகு எந்தக் கிணற்றில் விடுகிறார் என்பதை என்னிடம் சொல்லவில்லை. எத்தனையோ முறை கேட்டேன். அந்த மனத்தாங்கல் இன்றும் தீரவில்லை.

கல்லறைத் தோட்டத்து வாசலில் 'இயற்கைக் காவலர்' என்று பிளெக்ஸ் வைத்திருந்தார் பட்டறை முதலாளி. அந்த வாளியைப் பார்த்து, "மாஸ்டர், கொழம்புக்கு ஆச்சா?" என்று வாராவாரம் கிண்டலடித்தவர். மீன் எங்கே என்று கேட்க அங்கே ஒருவரும் இல்லை. தம்பி மட்டும் நின்றிருந்தான். வேறு வழியின்றிக் கேட்டேன்.

"அந்த மீனு எங்கயாச்சும் இருக்குதாடா?"

"இருக்குதுங்கண்ணா. கணியூர்ல, எங்க மாமனார் கெணத்துல மாஸ்டர் விட்டாருங்க. நாந்தான் பாத்துக்கறேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"அண்ணன் வாயத் தொறந்து உங்கிட்டக் கேக்கட்டும், அப்பச் சொல்லுன்னாருங்க மாஸ்டர்."

செத்தும் அவர் என்னை விடவில்லை. அதிலும் எனக்குக் கோபம்தான்.

அவருடைய வாளியைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். மூடியில், காற்றுக்காக அவர் ஆணியால் அடித்த துளைகள். வருகிற ஞாயிறன்று தம்பி வண்டியில் அதை மடியில் வைத்துக்கொண்டு கணியூர் போகிறேன். மீனைப் பார்க்க மட்டும்தான்.