பாலர் வகுப்பில் தோல் துண்டுகள்

பாலர் வகுப்பு வாத்தியார் வேலையை ஒரு வேலை என்றே யாரும் ஒப்புக்கொள்வதில்லை. ஐந்து வயதுப் பிள்ளைகளோடு மாரடித்த அனுபவம் உங்களுக்கும் இருந்தால் என் எரிச்சல் புரியும். நான் குப்பை கொட்டியது ஆம்பூரில், தோல் பதனிடும் மண்டிகளுக்குப் பின்னால் இருந்த ஒரு பள்ளிக்கூடத்தில்.

புளியங்கொட்டை

அரிச்சுவடிக்கு முன்னால் கண்ணும் கையும் பழக வேண்டும் என்று பயிற்சிப் பள்ளியில் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதனால் புளியங்கொட்டையையும் வேப்பங்கொட்டையையும் கலந்து கொட்டி, பிரிக்கச் சொல்வேன். பெரிதிலிருந்து சிறிதாக அடுக்கச் சொல்வேன். பிள்ளைகள் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்து செய்யும்.

ஒரு நாள் ஹெட்மாஸ்டர் உள்ளே வந்தார். வகுப்பு என்றால் தொண்டை கிழியக் கத்தி ஒப்பிக்க வேண்டும் என்று நினைப்பவர். கொட்டைகளை வாரி ஜன்னல் வழியாக வீசினார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அவரோ நிதானமாகக் கேட்டார்: "சம்பளம் வாங்கிக்கினு பசங்களோட பல்லாங்குழி ஆடறியாம்மா?"

துண்டுத் தோல்

கொட்டை போனால் போகட்டும். எங்கள் பிள்ளைகளின் அப்பாக்கள் எல்லாரும் மண்டியில் வேலை செய்தவர்கள். கழித்துப் போட்ட துண்டுத் தோல் கேட்டு வாங்கினேன். பிள்ளையின் கண்ணைத் துணியால் கட்டிவிடுவேன். தடவிப் பார்த்தே வெள்ளாட்டுத் தோல் ஒரு பக்கம், செம்மறித் தோல் ஒரு பக்கம் என்று பிரிக்க வேண்டும்.

முனியம்மா என்று ஆறு வயதுப் பெண் ஒருத்தி. வாயே திறக்க மாட்டாள். மந்தம், ஒன்றாம் வகுப்புக்கு லாயக்கில்லை என்று ஹெட்மாஸ்டர் முத்திரை குத்திவிட்டார். அவளை ஒன்றாம் வகுப்பில் உட்காரவைத்துவிட்டுத்தான் மறுவேலை என்று நான் வீம்பாக இருந்தேன். கண்ணைக் கட்டித் தோலைக் கொடுத்ததும், அவள் ஒரு துண்டுகூடப் பிசகாமல் பிரித்தாள். எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். அன்றைக்குத்தான் வாய் திறந்தாள்: "வெள்ளாடு கையைத் தள்ளுது டீச்சர். செம்மறி கையை வாங்கிக்குது."

மேஸ்திரி

பெற்றோர் வந்து பார்க்கும் நாளில், ஹெட்மாஸ்டரின் மூக்கை உடைப்பதற்கென்றே முனியம்மாவை நடுவில் உட்காரவைத்து, கண்ணைக் கட்டித் தோல் பிரிக்கவிட்டேன். அத்தனை பேர் முன்னால் அவரும் வேறு வழியில்லாமல், அவளை ஒன்றாம் வகுப்பில் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார். கூட்டத்தில் மண்டி மேஸ்திரியும் இருந்தார். திங்கட்கிழமை முனியம்மா பள்ளிக்கூடம் வரவில்லை.

மண்டிக்கு ஓடினேன். கப்பலேறப் போகிற தோல் குவியல்களுக்கு நடுவே உட்கார்ந்து அவள் தடவிப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவள் அப்பா என் முகத்தைப் பார்க்காமல் நின்றார். இத்தனை ஆம்பிளைகள் இருக்க, பால்மணம் மாறாத பிள்ளையா உங்களுக்குக் கிடைத்தது என்று மேஸ்திரியிடம் கத்தினேன். அவர் தன் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். "எங்க கையெல்லாம் சுண்ணாம்புல வெந்து மரத்துப்போச்சு டீச்சரம்மா. பிஞ்சுக் கைக்குத்தான் ஜாஸ்தி தெரியுது."

பெஞ்சு

பிள்ளையை மீட்டுக்கொண்டு வாருங்கள் என்று ஹெட்மாஸ்டரிடம் போய்ச் சண்டை போட்டேன். அவர் முகத்தில் அதுவரை நான் பார்த்திராத சந்தோஷம். மண்டி முதலாளி பள்ளிக்கூடத்துக்குப் புது பெஞ்சு செய்து தருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தாராம். புளியங்கொட்டையை வீசிய அதே மனிதர் எனக்கு நாற்காலியைக் காட்டினார். "அந்தத் தோல் பாடத்தை மட்டும் வுட்டுடாதம்மா. தினம் நடத்து."

குழந்தையின் அறிவை வளர்ப்பது எப்படி என்று பயிற்சிப் பள்ளியில் வருஷம் முழுக்கப் பாடம் நடத்தியவர்கள், வளர்ந்த அறிவை மண்டிக்காரர் கண்ணில் படாமல் ஒளித்து வைப்பது எப்படி என்று ஒரு நாளாவது நடத்தியிருக்கலாம்.