உடையப்பன் திருத்திய கோட்டைவாசல்

உடையப்பனின் உளி தப்பு செய்து யாரும் பார்த்ததில்லை. தப்பெல்லாம் உளியைப் பிடித்தவரின் முந்திரிக்கொட்டைத்தனம் செய்வதுதான். சிவகங்கைப் பக்கத்துத் தச்சரான அவர், பத்தொன்பது வருடமாக ஷார்ஜா தொழில்பேட்டையில், மியூசியங்களுக்கு மாதிரி உருவங்கள் செய்து கொடுக்கும் பட்டறையில் வேலை பார்க்கிறார். வரைபடம் போடுகிறவர்கள் ஏசி ரூமில் உட்கார்ந்திருக்கிறவர்கள், அவர்களுக்கு மரம் தெரியாது என்பது அவருடைய அசைக்க முடியாத அபிப்பிராயம்.

இந்த முறை வந்தது ஒரு கோட்டை. சிலுவைப் போர்க் காலத்தில் ஐரோப்பாவிலிருந்து வந்த வீரர்கள் சிரியாவில் ஒரு மலைமேல் வைத்திருந்தது. மாதிரியே மூன்று மீட்டர் நீளம். வியாழக்கிழமை ஒப்படைக்க வேண்டும், வெள்ளிக்கிழமை அவருக்கு ஊருக்கு பிளைட். ஞாயிற்றுக்கிழமை மகள் பானுப்பிரியாவுக்கு வளைகாப்பு. அவளுடைய சடங்கையும் நிச்சயதார்த்தத்தையும் போனில் பார்த்த தகப்பன் அவர். “இதுக்காவது வந்துருவீகள்லப்பா?” என்று அவள் கேட்டபோது, லீவு கையில இருக்கு என்று பெருமையாகச் சொல்லியிருந்தார்.

செவ்வாய்க்கிழமை கோட்டைவாசலுக்கு வந்தார். படத்தில் நுழைவுப் பாதை கொஞ்ச தூரம் ஏறி, திடீரென்று வந்த வழிக்கே மடங்கித் திரும்பியது. உடையப்பன் சிரித்துக்கொண்டார். அவர் ஊரில் வாசலில் நின்று பார்த்தால் கொல்லைக் கதவு தெரிய வேண்டும், அதுதான் வீடு. படம் போட்டவன் தூங்கிவிட்டான் என்று முடிவுகட்டி, யாரையும் கேட்காமல் பாதையை நூல் பிடித்ததுபோல் நேராக்கினார். மேலே கூரையையும் ஒட்டி மூடிவிட்டார்.

மறுநாள் காலை டீ நேரத்தில் மேனேஜர் கலீல் ரஹ்மான் வந்தார். கீழக்கரைக்காரர், சரித்திரப் பைத்தியம். கோட்டையைச் சுற்றிச் சுற்றி வந்து வாசலருகே நின்றார்.

“இதுதாண்ணே கோட்டையோட உசுரு. எதிரி உள்ள பாய்ஞ்சா இருட்டுல மேடேறணும். வேகம் புடிக்கும்போது பாதை பின்னால மடங்கிரும். கூட்டமா வந்தவன் ஒருத்தனை ஒருத்தன் இடிச்சுக்கிட்டு நிப்பான். மேல ஓட்டை வழியா கல்லு விழும். உள்ள கொஞ்சம் பேரு இருந்தாப் போதும், சமாளிச்சுருவாங்க.”

உடையப்பன் டீ கிளாஸைக் கீழே வைத்தார். “யாரு பாய் அவங்க?” என்று மட்டும் கேட்டார்.

“துறவிகதான். கத்தி புடிச்ச துறவிக. அந்த நாட்டுப் பிரபுவால எல்லையைக் காக்க முடியல, கோட்டையையும் சுத்தி இருக்க நிலத்தையும் இவங்க கையிலயே குடுத்துட்டாரு. வரி வாங்குறது, காவல் எல்லாம் இவங்கதான். ஆனா ஒருத்தனுக்கும் சொந்தமா ஒண்ணும் கெடையாது. பொண்டாட்டி புள்ள மாஃபி, அதுவும் கெடையாது. தலைவனக்கூட அவங்களே கூடித்தான் தேர்ந்தெடுப்பாங்க. அப்பனுக்கப்புறம் மகன்ங்கிற பேச்சே இல்ல. சுல்தான் படை கடைசில புடிச்சுச்சுதான். ஆனா அதுக்கு முன்னால எத்தனை படை வந்து திரும்பிப் போயிருக்கு தெரியுமா?”

உடையப்பன் மலைத்துப் போனார். தொழிலாளர் கேம்ப்பில் எட்டுப் பேர் ஒரு ரூமில் கிடப்பதும், ஒரே அடுப்பில் சமைப்பதும், ஊரை நினைத்துக்கொண்டு டூட்டிக்குப் போவதும் அவருக்குப் புதிதல்ல. அப்படி இருந்தவர்களா ஒரு நாட்டையே கட்டிக் காத்தார்கள்? தான் செய்த பலகைச் சுவரைத் தொடவே அவருக்குக் கை கூசியது. அந்த மடக்கை யோசித்தவன் தன்னைப்போல ஒரு வேலைக்காரன்தான், ஆனால் எப்பேர்ப்பட்ட வேலைக்காரன் என்று நினைக்க நினைக்க உடம்பு சிலிர்த்தது.

பிறகு, மடக்கை நேராக்கி மூடிவிட்டதைக் கலீலிடம் சொல்லிவிட்டார். கலீல் குனிந்து, ஒட்டியிருந்த கூரையைத் தட்டிப் பார்த்தார்.

“பிரிச்சா அஞ்சு நாள் வேலை. வேற ஆளுக்கு இந்தக் கை வராது,” என்றார். “மூடியாச்சுல்ல? எவன் உள்ள எட்டிப் பாக்கப் போறான்? கலாஸ், முடிஞ்சு போச்சு. நீங்க பொட்டியக் கட்டுங்க.”

“எம்புட்டுப் படைய நிறுத்துன வாசல் பாய். நான் ஒரே நாள்ல தொறந்து விட்டுட்டேன்.”

உடையப்பன் உளியை எடுத்துக் கூரையை நெம்பினார். கலீல் தடுக்கவில்லை, மியூசியத்துக்குப் போன் போட்டுத் திங்கட்கிழமை வரை தவணை வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை காலை ஊரில் மகளுக்கு வளையல் அடுக்கிக்கொண்டிருந்த நேரத்தில், இவர் பாதையின் மடக்கில் கடைசிப் படியை ஒட்டிக்கொண்டிருந்தார். அது அச்சாக வந்திருந்தது. கண் கலங்கியது கோட்டைக்கா மகளுக்கா என்று அவருக்கே தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை வீட்டில் இறங்கினார். பானுப்பிரியா முகம் கொடுத்துப் பேசவில்லை. சாப்பிட்டு முடித்ததும் அவளருகே உட்கார்ந்து, போனில் கோட்டையின் படத்தைக் காட்டி, துறவிகள் கதையை ஒன்றுவிடாமல் சொன்னார். அவளும் கேட்டாள். கேட்கக் கேட்க அவள் கண்ணும் விரிந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

“அந்த மடக்கு எங்கப்பா? தெரியலையே.”

“மேல கூரை மூடியிருக்கும்மா. வெளிய இருந்து பாத்தா யாருக்கும் தெரியாது.”

அவள் போனை அவரிடம் திருப்பிக் கொடுத்தாள். “நீங்க வராதது எல்லாருக்கும் தெரிஞ்சுச்சுப்பா,” என்றாள்.