வரன்களை சர்வர் மாற்றிய வாரம்

பழைய கம்ப்யூட்டரில் இருக்கும் டேட்டாவைப் புது சர்வருக்கு ஏற்றுவது, வீடு மாற்றுகிறவர்களுக்குச் சாமான் தூக்குகிற வேலை மாதிரிதான். எட்டு வருஷம் முன்னால் உடைந்ததற்கும் தூக்கியவன்தான் பதில் சொல்ல வேண்டும். இதே பிழைப்பில் மாட்டிக்கொண்டிருக்கும் சகோதரர்கள் இங்கேயே ஒரு பெருமூச்சு விட்டுக்கொள்ளலாம். நான் சொல்லப்போவது 2001-ல், திண்டுக்கல்லில் ஒரு திருமணத் தகவல் மையத்துக்குப் புது சாப்ட்வேர் போட்ட கூத்து.

தை பிறக்குமுன்

மையத்தை நடத்தியவர் ஜெயராணி அக்கா. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மாடியில் ஓர் அறை, அதில் ஒரு கிழட்டு டாஸ் கம்ப்யூட்டர். அதை அணைத்தால் மறுபடி உயிர் வருமா என்று அக்காவுக்கே சந்தேகம். அதனால் அணைப்பதே இல்லை. சாயங்காலம் அதன் மேல் ஒரு துண்டைப் போர்த்திவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். தை பிறந்தால் கூட்டம் படியேறிவிடும். அதற்குள் அத்தனை வரன்களும் புது மெஷினில் ஏறியாக வேண்டும். நானும் சேகரும் போனோம். பிரிண்டர் சமாசாரமெல்லாம் சேகர் பொறுப்பு.

அந்த வாரம் பார்த்து அக்காவுக்கு ஒரு பெரிய கவலை இருந்தது. எரியோட்டுப் பெண் கோமதி, நர்சரி பள்ளி டீச்சர். வருஷக்கணக்கில் தட்டிக்கொண்டே போன வரன், இப்போதுதான் ஆயக்குடியில் கொய்யாத் தோப்பு வைத்திருக்கும் ஒரு வீட்டுக்குப் பிடித்திருந்தது. இரண்டு குடும்பத்திலும் ஜாதகம் பார்க்கும் வழக்கம் கிடையாது, குலசாமியிடம் பூக் கேட்பதோடு சரி. பூவும் நல்லபடியாக விழுந்துவிட்டது. இனி பயோடேட்டா கைமாறினால் பேசி முடிக்க வேண்டியதுதான் பாக்கி. நான் பழைய மெஷினின் வயரில் கை வைத்ததும் அக்கா சொன்னார்: "இங்க பாரு அப்பு, அந்தப் பிள்ளைக்கு இது கூடி வரணும்னு நான் கும்பிடாத சாமி இல்ல. உன் வயரால இது கலைஞ்சுச்சுன்னு வையி, உனக்குப் பொண்ணு பாக்குறதை அன்னையோட நிப்பாட்டிருவேன்."

ஆனவர்களும் ஏற வேண்டும்

டேட்டாவைத் திறந்து பார்த்தால் பாதிப் பேர் கல்யாணமாகிப் பிள்ளை குட்டியோடு இருப்பவர்கள். இவர்களை விட்டுவிட்டால் எங்கள் வேலையும் பாதியாகும் என்று கணக்குப் போட்டேன். சோம்பேறித்தனத்தை அக்கறை மாதிரி காட்டுவது எங்கள் தொழிலில் முதலில் கற்றுக்கொள்கிற வித்தை. "சர்வருக்கு எதுக்குக்கா வீண் பாரம்? முடிஞ்சவங்களை எடுத்துருவோமா?" என்று பவ்யமாகக் கேட்டேன்.

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கல்யாணம் ஆயிட்டா முடிஞ்சுபோச்சுன்னு உனக்கு யாருப்பா சொன்னா? எல்லாத்தையும் ஏத்து. திரும்பி வந்தவங்க இருக்காங்க."

குறிப்பு

புது சாப்ட்வேரில் பயோடேட்டா அச்சடிக்கும் பக்கத்தை சேகர் அழகாக வடிவமைத்திருந்தான். பழைய டேட்டாவில் இருந்த ஒரு கட்டம் விடாமல் அச்சாகும். அதில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் இருந்தது. அது அக்கா தன் ஞாபகத்துக்காக மட்டும் மனதில் பட்டதை அடித்து வைக்கும் இடம் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? 'பையன் சாது, அம்மா ஆட்டிவைக்கும்', 'போட்டோ பழசு, இப்ப முடி இல்லை' என்ற ரீதியில் அத்தனையும் தெளிவான எழுத்தில் அச்சாகி, தபாலிலும் போய்ச் சேர்ந்துவிட்டது.

முதலில் வந்தவர் செம்பட்டிக்காரர், வேறொரு வரனின் அப்பா. அவர் மகனின் குறிப்பில் 'பையன் தங்கம், அப்பா வாய் மூடாது' என்று இருந்தது. வந்தவர் உட்காரவில்லை, தண்ணீர் கொடுத்தும் குடிக்கவில்லை. தன் அமைதியான சுபாவத்தைப் பற்றி, கேட்க ஆள் இருக்கிறதா இல்லையா என்றுகூடப் பார்க்காமல் விளக்கிக்கொண்டே இருந்தார். அக்கா ஜன்னலைப் பார்த்தார், சேகர் பிரிண்டரைப் பார்த்தான். கடைசியில் அவருக்கே பொறுக்கவில்லை: "நானா வாய் மூடாதவன்? காலையில இருந்து இம்புட்டு நேரமா நாயம் கேக்குறேன், ஒருத்தராச்சும் பதில் பேசுறீங்களா?"

முப்பத்தொன்று

அவர் படியிறங்கியதும் மூவரும் பாய்ந்து கோமதியின் குறிப்பைப் பார்த்தோம். 'நல்ல பிள்ளை' என்று மட்டும் இருந்தது. அப்பாடா என்று டீ சொல்லி அனுப்பினோம். டீ வருவதற்குள் கோமதியின் அப்பா வந்துவிட்டார்.

விஷயம் இதுதான். பழைய மெஷினில் வயதைக் கையால் அடிக்க வேண்டும். கோமதியின் வயது இருபத்தேழு என்று எப்போதோ அடித்தது. வருஷா வருஷம் அப்பா வந்து, "அதை அப்படியே இருக்க விடுங்கம்மா" என்று கேட்டுக்கொண்டு போவாராம். என் புது சாப்ட்வேருக்கு அந்த நாசூக்கெல்லாம் தெரியாது. பிறந்த தேதியைப் பார்த்துத் தானாகக் கூட்டி முப்பத்தொன்று என்று போட்டுவிட்டது. ஆயக்குடிக்குப் போன தாளிலும் அதேதான். "இத்தன வருசங்கழிச்சு இப்பத்தான் ஒரு வழி தெறந்துச்சு. அதையும் அடச்சுட்டீங்களே" என்றவருக்குக் குரல் உடைந்துவிட்டது. நான் செய்த சாப்ட்வேரால் ஒரு பெண்ணின் கல்யாணம் நிற்பதா? பிறந்த வருஷத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் புதுத் தாள் அனுப்பலாம், பழையது அச்சுப் பிழை என்று சொல்லிக்கொள்ளலாம் என்று கீபோர்டை இழுத்தேன்.

அப்பாவுக்குப் பின்னால் கோமதி நின்றிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். "சார், அதுல கை வைக்காதீங்க" என்றார். அழவில்லை, பள்ளியில் பிள்ளைகளை அதட்டுகிற குரல். "எங்கிட்ட அ, ஆ படிச்ச பிள்ளைங்கள்லாம் வளந்து பெரிய ஸ்கூலுக்குப் போயிருச்சுங்க. நான் மட்டும் இன்னும் இருபத்தேழுலயே உக்காந்திருக்கேன்."

நூற்றியொன்று

அதோடு விடாமல், பையிலிருந்து மாப்பிள்ளையின் பயோடேட்டாவை எடுத்து மேஜை மேல் வைத்தார். வயது என்ற இடத்தில் நூற்றியொன்று என்று இருந்தது. மாப்பிள்ளையின் அம்மா, மகன் பிறந்த தேதியை அப்புறம் தருகிறேன் என்று சொல்லித் தராமலே விட்டிருக்கிறார். காலியாக இருந்த தேதியை சாப்ட்வேர் 1900-ஆம் வருஷம் என்று எடுத்துக்கொண்டது. அக்கா தலையில் கை வைத்துக்கொண்டு ஆயக்குடிக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம், "நேர்ல வாரோமுங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்கள்.

மறுநாள் அந்த அம்மா ஒரு பை நிறையக் கொய்யாவோடு படியேறி வந்தார். வந்தவர் பையை சர்வர் மேலேயே வைத்தார். எடுங்கள் என்று சொல்ல எங்களில் யாருக்கும் தைரியமில்லை. தகவல் தெரிந்து வந்திருந்த கோமதியின் அப்பா சுவரோடு ஒட்டி நின்றார். "பொண்ணு வயசப் பாத்தமுங்க" என்று அந்த அம்மா ஆரம்பித்து, நிதானமாக முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "தாளப் பையங்கிட்டக் குடுத்தனுங்க. சின்னப் புள்ளையக் கொண்டாந்து கட்டி வெக்கறீங்கன்னு இத்தன நாளு மூஞ்சியத் தூக்கி வெச்சிருந்தவன், படிச்சுப்போட்டு, இப்பத்தான் சரியா இருக்குதுன்னு சிரிச்சானுங்க. தையிலயே வெச்சுக்கலாமுங்க." கோமதியின் அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்கும் கண் கலங்கியது, பிரிண்டர் புகை என்று சேகரிடம் சொல்லிக்கொண்டேன்.

எழுந்து போகும்போது அந்த அம்மா திரும்பினார். "அந்த நூத்தியொண்ண மட்டும் மாத்திப்போடுங்க. முப்பத்தி நாலுன்னு இருக்கட்டுமுங்க." அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "போன தடவை இருபத்தொம்பதுன்னுல்ல சொன்னீங்க?" அந்த அம்மா கொஞ்சமும் அசரவில்லை.

"அது பழைய கம்ப்யூட்டருக்குங்க."

தையில் கல்யாணம் நன்றாகவே நடந்தது. ஆனாலும் இத்தனை வருஷத்தில் நான் கண்டது, சர்வர் மாற்றும்போது தொலைந்துபோனதைக் கேட்டு ஒருவரும் போன் செய்வதில்லை, ஒளித்து வைத்தது பத்திரமாக வந்து சேர்ந்தால்தான் போன் அலறும்.