மூன்று முறை சொன்னார்

மலைக்கு மாற்றலாகி வந்த இரண்டாவது வருடம், சுகாதார நிலையச் செவிலியர்களான எங்களை வேலூருக்கு ஒரு பயிற்சிக்கு அழைத்தார்கள். பிரஷர் மாத்திரை போடுகிறவர்கள் கை தூக்குங்கள் என்றார் பயிற்சி தந்த அம்மா. பாதிப் பேர் தூக்கினோம். காலையில் பத்து நிமிடம் உட்கார்ந்து, மூச்சு வருவதையும் போவதையும் கவனியுங்கள். மனம் எங்காவது ஓடினால் திட்டாமல் திரும்பக் கூட்டி வாருங்கள். ஒருநாளும் விடாதீர்கள் என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனாலும் செய்து பார்த்தேன்.

குவார்ட்டர்ஸின் பின்பக்கம் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காருவேன். முதல் மாதம் முழுக்க அன்றைய வேலைகள்தான் மனதில் ஓடின. மூன்றாவது மாதத்தில் ஏதோ மாறியது. கோபம் வரப்போவது எனக்கே முன்கூட்டித் தெரிந்தது; தெரிந்ததால் வாயை அடக்க முடிந்தது. ஆறு கிலோமீட்டர் நடந்து வரும் கர்ப்பிணிகளிடம் ஏன் லேட்டு என்று கத்துவதை விட்டேன். அவர்களும் வீட்டில் நடப்பதையெல்லாம் சொல்ல ஆரம்பித்தார்கள். டாக்டர் என் மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார்.

என் கணவர் மலையிலிருந்து அமிர்தி வழியாக வேலூருக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். சாப்பிடும்போது அன்றைய சவாரிக் கதைகளைச் சொல்வார். அதுவரை பாதிதான் என் காதில் விழும். அந்த வருடம் முழுதாகக் கேட்டேன். “இப்பல்லாம் மூஞ்சப் பாத்துப் பேசற மே” என்றார் ஒருநாள்.

காலையில் உட்காருவதை எப்போது விட்டேன் என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. காய்ச்சல் பரவிய சமயத்தில் இரண்டு நாள் விட்டுப்போனது. பிறகு, கர்ப்பிணிகளின் விவரங்களைப் போனில் ஏற்றும் வேலை வந்தது. அதிகாலையில்தான் சிக்னல் கிடைக்கும், அதுவும் வீட்டின் பின்பக்கம். அதே நாற்காலியில் போனோடு உட்கார்ந்தேன். நன்றாகத்தானே இருக்கிறேன், இனி எதற்கு என்றும் தோன்றியது.

அப்படி ஒரு காலையில் என் கணவர் இடது காதைப் பொத்திக்கொண்டு பின்வாசற்படியில் வந்து நின்றார்.

“இந்தப் பக்கம் காது அடச்சிக்கினு கீது மே. கொய்யினு ஒரே சத்தம்.”

சளியாக இருக்கும், ஆவி பிடியுங்கள் என்றேன். போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பிடித்தார். இரண்டு நாள் கழித்து மறுபடி சொன்னார். ‘ம்’ என்றேன். அந்த வாரக் கடைசியில் மூன்றாவது முறையும் சொன்னாராம். எனக்கு அது நினைவே இல்லை. யாரோ ஒரு பெண் வந்து இதையே சொல்லியிருந்தால், அந்த நிமிடமே டாக்டர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தியிருப்பேன்.

மூன்று வாரம் போனது. புளி மூட்டை ஏற்ற வண்டியைப் பின்னால் எடுத்தபோது, இடப்பக்கம் நின்றவர்கள் போட்ட கூச்சல் அவருக்குக் கேட்கவில்லை. வண்டி சுவரில் மோதியது. இரண்டுக்கும் நடுவில் நின்ற ஆள் துள்ளி விலகியதால் பிழைத்தார். மறுநாளே வேலூரில் காது டாக்டரிடம் போனோம்.

“அடைப்பு வந்த வாரமே இட்டுனு வந்திருந்தா முயற்சி பண்ணியிருக்கலாம்” என்றார் டாக்டர். “இப்ப உறுதியா சொல்றதுக்கு இல்லைங்க.” நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்டார். மாத்திரை எழுதிய சீட்டை வாங்கி மடித்தேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவருடைய வலப்பக்கம் உட்கார்ந்து, மூன்றாவது தடவை என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

“பயமா கீதுன்னு சொன்னேன்.”

அதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று கேட்கவில்லை.

மாத்திரைகள் முடிந்தும் அந்தக் காது கேட்கவில்லை. ஏறுகிறவர்களின் உயிர் தன் கையில் இருக்கிறது என்று சொல்லி, அவராகவே வேனை விட்டுவிட்டார். இப்போது பக்கத்து நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துச் சாமை போடுகிறார். என்னை ஒருநாளும் குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

நான் மறுபடி காலையில் உட்காருகிறேன். நான்கு வருடமாக விடவில்லை. பிரஷர் அடங்கியிருக்கிறது, தூக்கம் வருகிறது, அவர் பேசினால் கையிலிருப்பதைக் கீழே வைக்கிறேன். ஆனால் அவரிடம் கதைகள் குறைந்துவிட்டன. நிலத்துக்குப் போய்வருகிறவருக்குச் சொல்ல என்ன இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.