கன்னி மூலையில் ஒரு லிஃப்ட்

தறிக்கூடத்துத் தரையில் பாவா சாக்பீஸால் போட்ட கட்டம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. மூன்றடிக்கு மூன்றரை அடி, வரப்போகிற லிஃப்ட் கூண்டின் அளவு. கோடு கோணக்கூடாது என்று ஒரு நூலை இழுத்துப் பிடித்து, அதை ஒட்டிப் போட்டிருந்தார். பிறகு, சக்கரம் வைத்த மர நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் அக்காவை அப்படியே தள்ளிக்கொண்டு வந்து கட்டத்துக்குள் நிறுத்தி, "முட்டி எங்கனா இடிக்குதா பாரு" என்றார். சுவரே இல்லாத இடத்தில் எங்கே இடிக்கும்? அக்கா என்னைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். அவர் சிரிக்கவில்லை. கட்டத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, அவள் முழங்கை கோட்டுக்கு வெளியே வருகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

பாவா என்று நான் சொல்வது அக்காவின் வீட்டுக்காரரை. ஆந்திர எல்லையில் இருப்பவர்கள் நாங்கள், முறை சொல்லிக் கூப்பிடுவதில் பாதி தெலுங்குதான். திருத்தணியில் மலையடிவாரத்துக்குப் பக்கத்துத் தெருவில் அவர்கள் வீடு. எண்பதுகளின் தொடக்கம் அது. கீழே நான்கு விசைத்தறிகள், பின்னால் நூல் வைக்கிற அறை, மாடியில் குடித்தனம். மாடிப்படி ஒரு ஆள் ஏறும் அகலம்தான், பாதியில் ஒரு திருப்பம் வேறு. கிருத்திகைக்குக் கிருத்திகை முருகனைப் பார்க்க மலைப்படி ஏறிக்கொண்டிருந்த அக்காவுக்கு முடக்குவாதம் வந்து, இரண்டு காலையும் ஊன்ற முடியாமல் போய்விட்டது. நூல் அறையிலேயே கட்டில் போட்டுக் கொடுத்தார்கள். இரண்டு வருஷம் அவள் தன் சமையலறையைப் பார்க்கவில்லை. சோறு தட்டில் இறங்கி வரும், கழுவப் பாத்திரம் மேலே ஏறிப் போகும், அவள் மட்டும் கீழேயே இருந்தாள்.

அவளுடைய ஒரே பெண்ணை அம்மையார்குப்பத்திலிருந்து பார்க்க வந்தார்கள். அன்று நான்கு பேர் சேர்ந்து அக்காவை நாற்காலியோடு மாடிக்குத் தூக்கினோம். நானும் ஒருவன். திருப்பத்தில் நாற்காலிக் கால் சுவரில் சிக்கிக்கொண்டது. முன்னாலும் போகவில்லை, திரும்பவும் முடியவில்லை. கடைசியில் முதுகுப் பக்கமாகவே கீழே இறக்கினோம். "என்ன மூட்ட தூக்கற மாதிரி இனிமே தூக்காதீங்க" என்றாள். மரியாதைக்காகத் தறிகளை நிறுத்தி வைத்திருந்ததால் மாடியில் காபி டம்ளர் வைக்கிற சத்தம்கூடக் கீழே கேட்டது. மாப்பிள்ளையின் அம்மா, "பொண்ணோட அம்மா எங்கங்க?" என்று கேட்டதும், "ஒடம்பு செரியில்லீங்க, படுத்துகினு கீறா" என்று பாவா பதில் சொன்னதும் கேட்டன. அக்கா படுத்திருக்கவில்லை. பட்டுப் புடவை கட்டிக்கொண்டு, பூ வைத்துக்கொண்டு, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

மறுநாளே பாவா ரயிலேறி அம்பத்தூருக்கு வந்துவிட்டார். ஆலைகளுக்குச் சரக்கு ஏற்றும் லிஃப்ட் செய்கிற ஒரு பட்டறையில் நான் வரைபடம் போடும் வேலையில் இருந்தேன். வாசலில் நின்றபடியே, "மச்சான், நிச்சயதார்த்தம் நம்ம வூட்லதான். அன்னிக்கி உங்க அக்கா மேல இருக்கணும். மூட்டையெல்லாம் ஏத்தறியே, அவள ஏத்த மாட்டியா?" என்றார். ஏத்தலாம் பாவா, இடம் வேண்டுமே என்றேன். "எடத்த நான் குட்கறேன்" என்றார்.

இடம் கொடுப்பது லேசில்லை. மேல்தளத்தை வெட்டித் திறக்க வேண்டும், உத்திரம் ஓடுகிற பக்கம் கை வைக்க முடியாது. அளந்து பார்த்ததில் தென்மேற்கு மூலை ஒன்றுதான் தேறியது. கூண்டின் அடிப்பாகம் தரைக்குள் இறங்கி நிற்க அரையடிக் குழி போட்டால் போதும் என்று கணக்காக வரைந்து நீட்டினேன். எனக்கு அப்போது என் வரைபடத்தின்மேல் கொஞ்சம் கர்வம் உண்டு. மேஸ்திரி அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, கடப்பாறையைச் சுவரில் சாத்தினார். "கன்னி மூலையில குழி நோண்டினா வூட்டம்மாவுக்கு ஆவாதுங்க. நான் கை வெக்க மாட்டேன்."

"யோவ், வூட்டம்மாவுக்காகத்தான்யா குழியே" என்றார் பாவா. மேஸ்திரி அசையவில்லை. வேறு ஆளைக் கூப்பிடலாம் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தபோது பாவா அக்காவைப் பார்த்தார். அவள் தாலியைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான், "குழி வேணாம், வேற மாதிரி போடு" என்றார்.

இன்றைக்குக் குழியே வேண்டாத லிஃப்ட்டெல்லாம் வந்துவிட்டது. அன்று குழி இல்லையென்றால் கூண்டு தரைக்குமேல் அரையடி தூக்கி நிற்கும், நாற்காலி ஏற முன்னால் நீளமாக ஒரு சரிவு கட்ட வேண்டும். சரிவு வர வேண்டிய இடத்தில் நாலாவது தறி இருந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு சாஸ்திரத்துக்காக ஓடுகிற தறியைக் கழற்றுவார்களா என்று கத்தினேன். பாவா என்னைக் கூடத்துக்கு வெளியே கூட்டிக்கொண்டு வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "எனக்கு சாஸ்திரமும் தெரியாது ஒண்ணும் தெரியாது. அவ ஒவ்வொரு வாட்டியும் அடியில குழி கீது, குழி கீதுன்னு பயந்துகினே ஏறணுமா? தறி போனா போவுது மச்சான்." அந்த வாரமே தறியைக் கழற்றிவிட்டார். அதற்கப்புறம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

இன்னொரு தப்பும் என்னுடையதுதான். ஒரே பக்கம் கதவு. நேராக உள்ளே தள்ளினால், மேலே போனதும் பின்னால் இழுத்து இறக்க வேண்டும் என்று அக்காவுக்கு விளக்கினேன். அவள் சாக்பீஸ் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்போ மேல கீறவங்களுக்கு மொதல்ல என் முதுகுதான் தெரியுமா தம்பி?" என்றாள். படித் திருப்பத்திலிருந்து முதுகு காட்டி இறங்கிய நாளை அவள் மறக்கவில்லை. நான் இன்னொரு கதவு, இன்னொரு அகலம் என்று பென்சிலைத் தேடிக்கொண்டிருந்தேன். பாவா அதற்குள் நாற்காலியைத் திருப்பி, அவளுக்கு எதிரே வந்து நின்று, இரண்டு கைப்பிடியையும் பிடித்து அவளைப் பின்பக்கமாகவே கட்டத்துக்குள் தள்ளிக் காட்டினார். "கீழ முதுவு உள்ள போவட்டும். பாக்கறது நான் மட்டுந்தானே" என்றார். அக்கா வெட்கப்பட்டாள். படித்த படிப்பெல்லாம் எனக்கு எதற்கு என்று அப்போது தோன்றியது.

கூண்டில் அவள் நாற்காலிக்கு மட்டும்தான் இடம், கூட நிற்க ஆளுக்கு இடமில்லை. மோட்டாரையும், கரண்ட் போனால் சுற்றுவதற்கான கைப்பிடியையும் கீழேதான் பொருத்த முடிந்தது. கைப்பிடியை விட்டாலும் கூண்டு இறங்காது, பல்சக்கரம் பிடித்துக்கொள்ளும் என்று பாவாவிடம் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பேன். தலையை ஆட்டுவார், நம்பமாட்டார்.

நிச்சயதார்த்தத்தன்று காலை மாடி நிறையச் சனம். நல்ல நேரம் முடிய இன்னும் கால்மணிதான் என்றபோது கரண்ட் போய்விட்டது. தெருவுக்கே போய்விட்டது. ஆரம்பிச்சிடலாம், பொண்ணோட அம்மா அப்புறம் வரட்டும் என்று யாரோ பெரியவர் சொன்னார். கீழே பாவா பட்டுக்கரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கைப்பிடியைச் சுற்ற ஆரம்பித்தார். நானும் அக்கா பெண்ணும் மேலே கூண்டு வரும் வாசலில் நின்றோம். சங்கிலி ஒவ்வொரு பல்லாக ஏறியது. முதலில் தலையில் வைத்த பூ தெரிந்தது, பிறகு குங்குமம், பிறகு அக்காவின் முகம். மாப்பிள்ளையின் அம்மா பாயிலிருந்து எழுந்து வந்து, "வாங்க சம்பந்தி" என்று அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அக்கா எல்லோரையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கூண்டுக்குக் கொக்கி மாட்டிவிட்டுக் கீழே குரல் கொடுக்க வேண்டியவன் அப்படியே நின்றேன்.

அப்போதுதான் கீழேயிருந்து பாவா, மூச்சு வாங்க, ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினார்: "ஏமே, போய்ச் சேந்துட்டியா?"

மாடியே கப்சிப் ஆகிவிட்டது. நல்ல காரியம் நடக்கிற வீட்டில், அதுவும் பெண்டாட்டியைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது? செத்துப்போனவர்களைத்தானே போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்போம். மாப்பிள்ளையின் அம்மா நாக்கைக் கடித்துக்கொண்டார். அக்காதான் முதலில் சிரித்தாள். இரண்டு வருஷத்தில் அவள் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் பார்க்கவில்லை. அவளைப் பார்த்து மாடி முழுக்கச் சிரித்தது. கீழே இருந்த மனிதருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் எதையும் பார்க்கவில்லை. அவள் முகம் மேலே வந்ததை அங்கிருந்த அத்தனை பேரும் பார்த்தோம், அவரைத் தவிர. பதில் வராததால் கைப்பிடியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "இன்னாமே, சேந்துட்டியா இல்லியா?" என்று மறுபடியும் கேட்டார்.

"ஆங், வந்துட்டேங்க" என்றாள் அக்கா. சிரிப்பு நின்று அவள் குரல் உடைந்திருந்தது. "நான் வுழ மாட்டேன். கைய வுட்டுட்டு நீங்களும் மேல வாங்க."