பேசிப் பார்த்து வாங்கிய மிக்சர்

இதற்கு நீங்கள்தான் சாட்சி. பேச்சுப் போட்டியில் நடுவர் மணியடித்த பிறகும் பேச்சை நிறுத்தாமல், அந்த ஒரே குற்றத்துக்காக முதற்பரிசை இழந்தவன் நான். இழந்ததை இன்றுவரை நியாயப்படுத்தியும் வருகிறேன். அப்படிப்பட்டவன் சென்ற வாரம், பெங்களூருவில் என் அலுவலக உணவுக்கூடத்தில், ஓர் எளிய கேள்விக்கு முன் வாயடைத்து நின்றேன். கேட்டவர் சக ஊழியர். மின்னணுக் கருவிகளை மேடையில் வாசிக்கப் போகிறாராம். "ஒரு அனலாக் மிக்சர் வாங்கணும். உங்களுக்கு அதெல்லாம் தெரியுமாமே, எது வாங்கலாம்?" என்றார். அரை மணி நேரம் பேச என்னிடம் சரக்கு இருந்தது. ஆயினும், "உங்க கருவிகளை எடுத்துட்டுப் போய் கடையிலேயே செருகிப் பாருங்க" என்பதற்கு மேல் ஒரு சொல் எழவில்லை. ஏன் எழவில்லை என்று விளக்கும் கடமை எனக்கு உண்டு. கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு.

அன்று மாலை ரயிலைவிட்டு இறங்கி, பழைய தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் உள்ள வீட்டுக்கு வந்ததும், கட்டிலுக்கு அடியில் கிடந்த மிக்சரை இழுத்து மின்சாரம் கொடுத்தேன். (மிக்சர் என்றதும் தட்டை நீட்டுபவர்களுக்கு ஒரு விளக்கம்: இது தின்கிற மிக்சர் அன்று. பல கருவிகளின் ஒலியை வாங்கி, ஏற்றி இறக்கி, கலந்து ஒன்றாக வெளியே அனுப்பும் பலகை. கருவிக்கு ஒரு வரிசை. வரிசைக்கு ஒரு தள்ளுக்கட்டை.) பத்து நிமிடத்தில், சூடேறிய தூசியின் வாசனை எழுந்தது. எங்கள் ஊர்த் தூசி சாதாரணமானதன்று. தங்கத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொட்டிவைத்த சயனைடு மேடுகளிலிருந்து ஆடிக் காற்றில் கிளம்பி, பூட்டிய பெட்டிக்குள்ளும் குடியேறும் சாம்பல் நிறப் பொடி.

அந்த வாசனை என்னை ஏழு வயதுக்கு இழுத்துச் சென்றுவிடும். சுரங்கம் மூடிய பிறகு எங்கள் ஊரில் வேலைக்குப் பஞ்சம் வந்தது, கூட்டங்களுக்கு வரவில்லை. குடிநீருக்கு ஒரு கூட்டம், வீட்டுரிமைக்கு ஒரு கூட்டம், சுரங்கத்தைத் திறக்கச் சொல்லி மாதத்துக்கு ஒரு கூட்டம். அவற்றுள் ஒன்றில் என்னை நாற்காலிமேல் நிறுத்தி, அப்பா எழுதித் தந்த நான்கு வரிகளைச் சொல்ல வைத்தார்கள். பக்கத்திலிருந்த ஒலிபெருக்கிப் பெட்டியின் சூட்டு வாசனை மூக்கிலேறியது, கைத்தட்டல் தலைக்கேறியது. மூக்கிலேறியது அன்றே இறங்கிவிட்டது. மின்சாரத்தில் ஓடி மனிதக் குரலை உயர்த்தும் பொருள் எதுவாயினும் அது என் ஆட்சிக்கு உட்பட்டது என்று அன்று முதல் நம்பினேன். எங்கள் ஊர் ஆண்களில் பாதிப்பேருக்கு இந்த நம்பிக்கை உண்டு.

ரேவதிக்கு அது கிடையாது. ஸ்கெலட்டன் லைன் என்னும் சுரங்கக் குடியிருப்பைச் சேர்ந்தவள், பள்ளியில் என் வகுப்பு. இந்தக் கதை நடந்தபோது பெங்களூருவில் மின்பலகைகளைச் சோதிக்கும் வேலையில் இருந்தாள். ஒரு தாளக்கருவி, மின்னொலி எழுப்பும் சிந்தசைசர் இரண்டு, ஓர் எதிரொலிப் பெட்டி. இவை நான்கும்தான் அவள் இசைக்குழு. ஒருமுறை அவள் வாசித்ததை, முப்பது வருடம் கேஜு என்னும் இரும்புக் கூண்டில் சுரங்கத்துக்குள் இறங்கி உழைத்த அவள் அப்பா கண்மூடிக் கேட்டார். "கேஜு கீழ எறங்கறப்போ காதுல வருமே, அந்தச் சத்தம் இது" என்றார். அதைவிடச் சிறந்த விமர்சனத்தை நான் எந்த மேடையிலும் பேசியதில்லை.

ஸ்கெலட்டன் லைன் திருவிழாவில், ஞாயிற்றுக்கிழமை மாலை, பாட்டுக் கச்சேரிக்கு முன்பாக அரை மணி நேரம் அவளுக்குத் தர விழாக்குழு இசைந்தது. சொந்த ஊரில் அவளுக்கு அதுவே முதல் மேடை. கேள்விப்பட்ட சவுண்டு செட் மணி அண்ணன், டீக்கடையில் எல்லோருக்கும் கேட்கும்படி, "பென்டிரைவ் குடும்மா, நானே சொருவி உட்டுடறேன். நீ சேர்ல ஒக்காந்து டீ குடி" என்றார். ஊர் சிரித்தது. அவள் வாசிக்கிறாள் என்பதையே ஊர் நம்பவில்லை. பாட்டு ஓட, இவள் கையாட்டுகிறாள் என்றே நினைத்தது. மடிக்கணினியோடு நின்றால் கடைசிவரை நம்பாது. விரல் தள்ளுவதும் அதே நொடியில் ஒலி மாறுவதும் கண்ணெதிரே நடக்க வேண்டும். ஆகவே, நீளத் தள்ளுக்கட்டைகள் கொண்ட அனலாக் மிக்சர் ஒன்று தேவைப்பட்டது.

எது என்பதை ரயில் முடிவு செய்தது. மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருவுக்குப் புறப்படும் காலை ரயிலில் எங்களுக்கென ஒரு பெட்டி உண்டு. கோரமண்டல் நிலையத்துக்காரர்கள் ஏறியதும் அன்றைய தலைப்பு அறிவிக்கப்படும்; எதிரெதிர் இருக்கைகள் இரண்டும் இரண்டு அணிகள்; பங்காருப்பேட்டை தாண்டியதும் தீர்ப்பு. தீர்ப்பை மீறியவர் மறுநாள் நின்றுகொண்டே பயணம் செய்ய வேண்டும். சட்னிக்குத் தேங்காய் தேவையா என்பதைக்கூட அப்படித்தான் தீர்த்தோம்.

"இதுக்கு இன்னாத்துக்கு ஓட்டு? கடைல போயி காதால கேக்கணும்" என்றாள் ரேவதி. நான் பொருட்படுத்தவில்லை. எட்டு மைக் செருகக்கூடிய ஒன்றை முன்மொழிந்து, "எட்டுக் குரல்களைத் தாங்கும் பலகை, நான்கு கருவிகளைத் தாங்காதா?" என்று கேட்டு, கைத்தட்டலுக்கு வேண்டிய இடைவெளியையும் விட்டேன். தட்டினார்கள். ஒருமனதான தீர்ப்பு. நின்றுகொண்டு போக ரேவதியின் முதுகு இடம் தரவில்லை; தீர்ப்பை ஏற்றாள்.

சனிக்கிழமை கடைக்குப் போனோம். அவளுடைய கருவிகளைத் தூக்கிவர வேண்டாமென்று சொன்னவனும் நானே. மைக்கைச் செருகி, "பெரியோர்களே, தாய்மார்களே" என்றேன். கடைக்காரர் கணக்கை விட்டு நிமிர்ந்தார். என் குரல் அவ்வளவு கம்பீரமாக ஒலித்து நானே கேட்டதில்லை. வேறென்ன சோதனை வேண்டும்? வாங்கிவிட்டோம்.

வீட்டில் வயர்களைச் செருகும்போதுதான் உண்மை வெளிப்பட்டது. எட்டும் மைக்குக்கான வாய்கள். அவளுடைய கருவிகளோ இடம், வலம் என இரட்டையாக ஒலி தருபவை. மைக் வாய்கள் போக, இரட்டையாக வாங்க இருந்தவை இரண்டே வரிசைகள். எதிரொலிப் பெட்டி திருப்பி அனுப்பும் ஒலியைப் பிடித்து ஏற்றி இறக்க ஒரு கட்டைகூட இல்லை. நான் தளரவில்லை. எளிமையின் மேன்மையைப் பற்றி, வரம்புக்குள் மலரும் கலையைப் பற்றி, மூச்சுவிடாமல் பேசினேன். அவள் குறுக்கிடாமல் கேட்டாள்.

"சரி, நீ ஜெயிச்சிட்ட பேச்சாளரே. இந்த மூணாவது வயர எந்த ஓட்டைல சொருவறது, அத மட்டும் சொல்லு."

அவள் வயரைக் கையில் பிடித்தபடியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திருவிழாவுக்கு எட்டு நாள் இருந்தது.

மறுநாளே திரும்பிப் போனோம். இம்முறை நான்கு கருவிகளும் என் முதுகிலும் கைகளிலும். "கடைல நீ வாயத் தொறந்தின்னா நான் அப்படியே எறங்கிப் போயிட்டே இருப்பேன்" என்று படியிலேயே சொல்லிவிட்டாள். மூடப்பட்ட ஏதோ ஒலிப்பதிவுக் கூடத்திலிருந்து வந்த பழைய பலகை ஒன்று மூலையில் கிடந்தது. புதியதைத் திருப்பி வாங்கிக்கொண்டு அதைத் தள்ளிவிடக் கடைக்காரருக்கும் சம்மதம். ரேவதி தாளக்கருவியைச் செருகி, ஒலி உடைந்து கரகரக்கும் எல்லைவரை ஏற்றி, அங்கிருந்து மயிரிழை இறக்கி நிறுத்தினாள். காதைக் குத்தும் நடு ஒலியைத் திருகைச் சுழற்றித் தேடிப் பிடித்துக் குறைத்தாள். எதிரொலியைத் தனி வரிசையில் வாங்கி, அதை மீண்டும் எதிரொலிப் பெட்டிக்கே அனுப்பிப் பார்த்தாள். ஒலி தன்னைத்தானே துரத்திக்கொண்டு ஓடியது. பிறகு ஒவ்வொரு கட்டையையும் பத்து முறை மேலும் கீழும் தள்ளினாள். ஆறாவது மட்டும் கரகரத்தது.

"நம்ம ஊரு தூசிக்கு எல்லாமே இப்படித்தான் ஆவும். துணி போட்டு மூடிக்கலாம். இதுதான் எனக்கு வேணும்."

ஒரு மணி நேரமும் வயர்களை எடுத்துக் கொடுப்பது மட்டுமே என் வேலை. "அண்ணனுக்குத் தொண்ட கட்டிக்கிச்சா?" என்று கடைக்காரர் அவளிடம் கவலையோடு கேட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, வெயில் தாழாத ஆறு மணிக்கு, அவள் மேடையேறினாள். நான் எழுதி வைத்திருந்த பதினைந்து நிமிட அறிமுக உரையை அவள் காலையிலேயே மடித்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள். அரை மணியில் பாதியை நான் தின்றுவிடுவேன் என்பது அவள் வாதம். முதல் பத்து நிமிடம் கூட்டம் கேட்டது. பிறகு பின்வரிசையிலிருந்து, "பென்டிரைவ் சூப்பரா பாடுது" என்று ஒரு குரல். சிரிப்பு. மணி அண்ணனே மேடையேறி மேசைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

ரேவதி கையை எடுத்துவிட்டாள். "நீங்களே எறக்குங்கண்ணே. மூணாவது கட்ட, அதான் தாளம்."

இறக்கினார். தாளம் அற்றது. ஆனால் அதன் எதிரொலி நிற்கவில்லை; அடித்து, திரும்ப அடித்து, மைதானம் முழுக்கப் பருத்துக்கொண்டே போனது.

"எறக்கிட்டனேம்மா, இன்னும் வருதே?"

"அது வேற வழியா வருதுண்ணே. ஏழாவதுல. இப்ப அதயும் எறக்குங்க, மெதுவா."

அவர் விரல் நுனியால் இறக்க இறக்க, ஒலி தேய்ந்து, மைதானத்தில் குழந்தைகளின் பேச்சு மட்டும் கேட்டது. மணி அண்ணன் மூன்றாவது கட்டையைத் தானாகவே மறுபடி ஏற்றினார். தாளம் அவர் கையிலிருந்து புறப்பட்டது. அந்த முகத்தை ஊரே பார்த்தது. மிச்ச நேரம் முழுவதும் அவர் மேடையைவிட்டு இறங்கவில்லை.

முடிந்ததும் விழாக்குழுத் தலைவர் வந்தார். "நல்லாத்தான் இருந்திச்சி. ஆனா அடுத்த வருசம் பாட்டுக் கச்சேரி மட்டும் போதும்னு பெரியவங்க சொல்றாங்கம்மா" என்றார். ரேவதி தலையாட்டிவிட்டு வயர்களைச் சுருட்டத் தொடங்கினாள். அவள் தலையாட்டியதை என்னால் பொறுக்க முடியவில்லை. மைக் இன்னும் அணைக்கப்படவில்லை. எடுத்தேன்.

இன்று அந்த மைதானத்தைச் சுற்றி மதில் எழுந்துவிட்டது. விழாக்குழு இரண்டாக உடைந்து, இரண்டிலும் மேடை நிகழ்ச்சி இல்லாமல் போனது. மணி அண்ணன் பெட்டிகளை விற்றுவிட்டு, மகனோடு சேலத்தில் இருக்கிறார். எங்கள் ரயில் பெட்டியில் ஆளாளுக்குக் காதில் எதையோ செருகிக்கொண்டு கண்மூடிக் கிடக்கிறார்கள். தலைப்பு அறிவிப்பவர் இல்லை. ரேவதியின் வேலை இப்போது புனேயில். மிக்சரில் மூன்று வரிசைகள் செத்துவிட்டன. கேஜின் சத்தத்தை அவள் இசையில் கண்டுபிடித்த அந்தக் காதுகளும் இல்லை.

ஆனால் நான் அன்று அந்த மைக்கில் சொன்னது சொன்னதுதான். பயின்ற மேடைத் தமிழ் அந்த நேரத்தில் எனக்கு வரவில்லை; வீட்டுத் தமிழே வந்தது:

"இந்த மேடைல எடம் இல்லன்னா, சாம்பியன் ரீப்ஸ்ல எங்க வூட்டு வாசல்ல ரேவதி வாசிப்பா. வருசா வருசம், இதே ஞாயித்துக்கெழம, இதே ஆறு மணிக்கு. மிக்சர நான் தூக்கியாந்து வைப்பேன். கேக்க ஒருத்தர்கூட வரலன்னாலும் வைப்பேன்."